ஸ்டிக்கருக்கு அடியில் இருந்த நீலம்

பழைய ஃபைபர் பாய்மரப் படகைக் கரையேற்றி, அதன் பெயர் ஸ்டிக்கரை உரித்தார்கள். உடம்பெல்லாம் சுண்ணாம்பாய் வெளுத்திருக்க, ஸ்டிக்கர் மறைத்த துண்டு மட்டும் பளிச்சென்று நீலமாக இருந்தது.

"என்னைப் பாருங்கள், துளிகூட வெளுக்கவில்லை!" என்று அந்தத் துண்டு நீலம் பீற்றிக்கொண்டது.

வெளுப்பைத் தேய்த்தெடுக்கக் கொண்டுவந்த உப்புத்தாளுக்கு எரிச்சலாக வந்தது. இருந்தும் படகிடம், "தேய்த்தால் எரியுமே அண்ணே," என்று தயங்கியது.

"இருபது வருஷ வெயிலைவிடவா? தேய் தம்பி," என்றது படகு.

என்ன மனசு இதற்கு என்று வியந்தபடியே, தன் சொரசொரப்பெல்லாம் தீரும்வரை உப்புத்தாள் தேய்த்தது. வெளுத்த தோல் மாவாய் உதிர்ந்தது. மெழுகும் ஏறியதும் படகு முழுக்க ஒரே நீலம்.

"ஐயோ, நான் எங்கே?" என்று அலறியது துண்டு நீலம்.

உப்புத்தாள் மனசாரத்தான் தேடியது. கண்டுபிடிக்க முடியவில்லை.