ஈரம் காயாத ஜீப்

"மறுபடியும் மண்ணா?"

ஜீப்பின் பானெட்டைத் தடவிப் பார்த்த மகள் தலையில் கை வைத்துக்கொண்டாள். போன ஞாயிறு அவள் அடித்துவிட்டுப் போன பச்சைப் பெயின்டில் பொடி மண் அப்பிக் காய்ந்திருந்தது.

"பக்கத்து வீட்டுப் பூனைதான், வேற யாரு? உங்கப்பா ஷெட் கதவை ஒழுங்கா சாத்தினாத்தானே!" என்றாள் அம்மா.

"நான் சாத்திட்டுத்தான் வந்தேன். அந்தப் பூனைக்கு இருக்கு ஒருநாள்!" என்றார் அப்பா.

கல்யாண விஷயத்தில் அப்பாவோடு கோபித்துக்கொண்டு போனவள், நாலு வருஷமாக இந்தப் பக்கமே தலைவைத்துப் படுக்கவில்லை. சின்ன வயதில் அவள் ஏறி விளையாடிய ஜீப்பை, துருப்பிடித்துவிட்டதென்று அப்பா காயலான் கடையில் போடப்போகிறார் என்று அம்மா போனில் சொன்னதும் ஓடி வந்தாள். அன்றிலிருந்து ஒரு ஞாயிறும் தவறுவதில்லை. அப்பாவும் மகளும் ஜீப்பைப் பற்றி மட்டும்தான் பேசினார்கள். ஆனாலும் பேசினார்கள்.

அன்றும் உப்புத்தாளால் தேய்த்து, சாயங்காலம் வரை பெயின்ட் அடித்தாள்.

"இதோட முடிஞ்சுதுப்பா. இனி எனக்கு இங்க வேலை இல்ல."

அவளுடைய ஸ்கூட்டர் தெருமுனையில் திரும்பியதும், அம்மா பூந்தொட்டியிலிருந்து ஒரு பிடி மண்ணை அள்ளிக்கொண்டு ஷெட்டுக்குள் நுழைந்தாள்.

பானெட் அருகே அப்பா நின்றிருந்தார். அவர் உள்ளங்கையிலும் மண்.

இருவரும் ஒருவர் கையை ஒருவர் பார்த்தார்கள்.

"அதானே பார்த்தேன்! நான் போட்டது கொஞ்சம்தானே," என்றார் அப்பா.

அப்பா சற்று நகர்ந்து வழிவிட்டார்.

"பானெட்டை நான் பார்த்துக்கிறேன். நீ கதவுப் பக்கம் போ."