உட்கார்ந்தால் வரும் சத்தம்

“உக்காருங்க சார். நீங்க உக்காந்தாத்தான் அது வாயைத் திறக்கும்.”

மேலாளர் அந்தப் புது நாற்காலியில் உட்கார்ந்து முன்னும் பின்னும் ஆடினார். கிறீச் என்றது.

மெக்கானிக் தரையில் படுத்தார். ஸ்க்ரூடிரைவரின் முனையை இருக்கையின் அடியில் பொருத்தி, பிடியில் காதை வைத்துக் கேட்டார். இந்த வைத்தியத்தால் தொழிற்சாலையில் அவருக்கு டாக்டர் என்று பெயர்.

“ஒரு போல்ட் அரைச் சுத்து லூஸ் சார். தகடு ரெண்டும் ஒண்ணோடொண்ணு உரசுது. ஆள் பாரம் விழுந்தாத்தான் உரசும். சும்மா கிடந்தா ஊமை.”

“அது எனக்கே தெரியும். ஏன் லூஸாகுது?”

அதுதான் டாக்டருக்குப் பிடிபடவில்லை. காலையில் சத்தமே இருக்காது. பொழுது ஏற ஏறத் தொடங்கும். முதலில் அடிக்காலும் இருக்கையும் பூட்டும் இடத்தில். அது அடங்கியதும் கைப்பிடி பூட்டும் இடத்தில். பிறகு முதுகு. ஒரே நேரத்தில் இரண்டு இடத்தில் வந்ததே கிடையாது.

கடைசிச் சோதனையில் சத்தம் போடும் நாற்காலி, பூட்டியவரிடமே திரும்பிப் போகும். அவர் அதில் உட்கார்ந்து, ஆடி, எங்கே உரசுகிறது என்று கண்டு முறுக்கி அனுப்ப வேண்டும். மேலாளரே எழுதி ஒட்டிய விதி அது.

“அடிக்கால் பூட்டுற அந்தம்மாகிட்டதான் அதிகம். இன்னிக்குள்ள சத்தம் நிக்கலைன்னா அவங்களை வீட்டுக்கு அனுப்பிடுவேன். போன மாசம் எல்லாரும் கூட்டமா வந்து ஒண்ணு கேட்டாங்க, முடியாதுன்னேன். அந்தக் கடுப்போ என்னவோ.”

“என்ன கேட்டாங்க சார்?”

“எதையோ. அதைக் குடுத்தா அப்புறம் வேலை நடக்குமா? நீ போய்ச் சத்தத்தைப் பாரு.”

அடிக்கால் பூட்டுகிறவளை எல்லோரும் அண்ணி என்பார்கள். அவள் கணவர் முன்பு இதே வரிசையில் இருந்தபோது எல்லோருக்கும் அண்ணன். அண்ணன் வேலையை விட்டுப் போய்விட்டார். அண்ணி மட்டும் அண்ணியாகவே நின்றுவிட்டாள்.

டாக்டர் அவள் பக்கத்தில் போய் நின்றார். காற்றழுத்தத்தில் ஓடும் முறுக்கும் கருவியைப் பிரித்துப் பார்த்தார். பழுதில்லை. போல்ட்டின் மரையைத் தடவிப் பார்த்தார். பழுதில்லை.

“என்ன டாக்டரே, நோயாளி பொழைக்குமா?” என்றான் கைப்பிடி பூட்டும் ஒட்டகம். உயரத்தால் வந்த பெயர்.

“சூடுதான் காரணமா இருக்கணும். சூட்டுல இரும்பு விரியும்.”

“எங்களுக்கும் விரியுது தம்பி,” என்றாள் அண்ணி. “சாயங்காலமானா செருப்புக்குள்ள கால் போகமாட்டேங்குது.”

டாக்டர் தன் பட்டறையில் குந்தியும் படுத்தும் வேலை செய்து பழகியவர். சாப்பாட்டு மணி அடிப்பதற்குள் இடது காலிலிருந்து வலது காலுக்கும், வலதிலிருந்து இடதுக்கும் பலமுறை மாறிவிட்டார். இடுப்பு தனியாகக் கழன்றுவிடும்போல் இருந்தது.

அப்போது ஒரு நாற்காலி திரும்பி வந்தது.

“நீங்களே பாருங்க தம்பி,” என்று அண்ணி ஒதுங்கினாள்.

டாக்டர் உட்கார்ந்தார். முதல் ஆட்டத்திலேயே லூஸான போல்ட் எது என்று தெரிந்துவிட்டது. ஆனாலும் எழவில்லை. கண்ணை மூடிக்கொண்டு இன்னும் கொஞ்சம் ஆடினார்.

“போதும் எந்திரிங்க டாக்டரே. அடுத்தது என் முறை,” என்ற ஒட்டகம் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

டாக்டர் கண்ணைத் திறந்து இருவரையும் பார்த்தார்.

அண்ணியின் முகம் வெளுத்துவிட்டது. “தம்பி, இந்த வேலையிலதான் எங்க வீட்டு அடுப்பு எரியுது.”

டாக்டர் அந்தப் போல்ட்டை முறுக்கினார். நேராக மேலாளர் அறைக்குப் போனார்.

“கண்டுபிடிச்சியா?”

“ஆச்சு சார். அந்தம்மா மேல தப்பில்லை. கடைசியில போய்ச் சோதிக்கிறோம் பாருங்க, அங்கதான் கோளாறு. பூட்டுறவங்களே பூட்டின கையோட உக்காந்து, ஆடிப் பாத்து அனுப்பிட்டா ஒண்ணுகூடத் திரும்பி வராது.”

“ஒவ்வொரு நாற்காலியிலயுமா? நேரம் போகுமே.”

“திரும்பி வர்றதுல போற நேரத்துக்கு இது கால்வாசிகூட இல்ல சார்.”

மேலாளர் யோசித்தார். பிறகு மேசையைத் தட்டினார். “அப்ப விதியாவே போட்டுடறேன். எவனும் டிமிக்கி குடுக்கக் கூடாது. உக்காராதவங்க சம்பளத்துல பிடிப்பேன்.”

மறுநாள் முதல் எல்லோரும் பூட்டிய ஒவ்வொரு நாற்காலியிலும் உட்கார்ந்து ஆடிப் பார்த்தே அனுப்பினார்கள்; கிறீச் சத்தம் அடியோடு நின்றுவிட்டது.

போன மாதம் அவர்கள் கூட்டமாகப் போய்க் கேட்டது, நாள் முழுக்க நின்றுகொண்டே நாற்காலி செய்கிறவர்களுக்கு உட்கார ஆளுக்கொரு முக்காலி.