தேறாத கை

“இந்தப் பொண்ணு தேறாது தம்பி. சிவப்பை அமுக்கிடறேன்.”

அக்கா இப்படிச் சொன்னதும் கண்ணாடிக்காரர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். துறைமுகத்தில் சின்னவர் பெரியவர் எல்லோருக்கும் அவள் அக்காதான். கப்பலிலிருந்து பெட்டி இறக்கும் பெரிய கிரேனில் ஏறி உட்கார்ந்த முதல் பெண். கண்ணாடிக்காரருக்குக் கணினியில் வேலை. கிரேன் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் இயந்திர வாத்தியார் ஒன்றை உருவாக்கிக்கொண்டிருந்தார்.

அந்த வாத்தியாருக்கு வாத்தியார் அக்கா. பக்கத்து அறையில் மாணவி பயிற்சிக் கிரேனை ஓட்டுவது திரையில் வரும். பெட்டி ஆடினால் உதவுவதா, அதட்டுவதா, பேசாமல் இருப்பதா என்று அக்கா பொத்தானை அமுக்குவாள். இயந்திரம் அதைப் பார்த்துப் படித்துக்கொள்ளும். இன்று கடைசி நாள். பச்சை என்றால் மாணவி நிஜ கிரேனில் ஏறலாம்; சிவப்பு என்றால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். அக்கா இன்று எதை அமுக்குகிறாளோ, இனி வருகிற அந்த மாதிரிக் கைகளுக்கெல்லாம் இயந்திரமும் அதையேதான் சொல்லும்.

மாணவியை அக்கா பார்த்ததில்லை. முகத்தைப் பார்த்தால் மனசு இளகிவிடும், கையை மட்டும் பாருங்கள் என்று கண்ணாடிக்காரர் முதலிலேயே சொல்லிவிட்டார்.

அந்தக் கை இருக்கிறதே, அப்பப்பா! பெட்டியைத் தூக்கும் முன் லேசாக இரண்டு தரம் சுண்டி இழுத்துப் பார்க்கும். அப்புறம் என்ன அவசரமோ, விருட்டென்று தூக்கும். பெட்டி ஊஞ்சல் ஆடும். ஆடுகிற பக்கமே கிரேனையும் கொஞ்சம் நகர்த்தினால் ஆட்டம் தானாக அடங்கிவிடும். இவளோ எதிர்ப்பக்கம் இழுத்து இழுத்து ஆட்டத்தைக் கூட்டுவாள். சொல்லிக்கொடுத்தால் திருத்திக்கொள்வாள்; மறுநாள் மறுபடி அதே கூத்து. அதட்டினால் போச்சு, ஆட்டம் இரண்டு மடங்காகிவிடும். அக்காவும் பொறுத்துப் பொறுத்துப் பார்த்து, கடைசியில் அதட்டும் பொத்தானிலேயே விரலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“எங்க காலத்துல இப்படியா தம்பி?” என்று ஆரம்பித்தாள். கண்ணாடிக்காரர் அந்தக் கதையை ஏற்கெனவே கேட்டவர்தான். ஆனாலும் கேட்டார்.

அப்போது பயிற்சிக்கு இருந்தது ஒரு தகர கேபின். வெயிலில் அடுப்பாகக் கொதிக்கும். முன்னால் மங்கலான ஒரு திரை, பக்கவாட்டு ஜன்னலில் நிஜக் கடல். பின்னால் முக்காலியில் பயிற்சியாளர். உருவத்துக்கும் குரலுக்கும் பொருத்தமாக அவருக்குக் கரடி என்று பெயர். ஆம்பளைப் பசங்களை அவர் போடுகிற சத்தத்தில் சாலையில் போகிறவன் நின்று எட்டிப் பார்ப்பான். அக்கா உட்கார்ந்தால் மட்டும் ஆள் அடங்கிவிடுவார். பன்னைப் பிய்த்துப் பாதியை அவளிடம் நீட்டுவார். “மெதுவா, மெதுவா. கடல் எங்கயும் போயிடாது” என்பார். கிரீஸ் வாசனையும் பன் வாசனையும் கலந்த அந்தக் காலை நேரங்களை நினைத்தால் அக்காவுக்கு இப்போதும் ஏக்கமாக இருக்கும். கரடி போய்ச் சேர்ந்து வெகுநாள் ஆகிவிட்டது.

“அவர் என்னை ஒரு நாள்கூடத் திட்டினதில்ல தம்பி. திட்டறதுக்கு நான் இடமே கொடுக்கல. பெட்டி பூ மாதிரி இறங்கும்.”

கண்ணாடிக்காரர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இந்தப் பெண் இத்தனை நாளில் ஒரு பெட்டியையாவது கீழே போட்டிருக்கிறாளா என்று கேட்டார். அக்கா யோசித்தாள். போட்டதில்லைதான். எவ்வளவு ஆடினாலும் பெட்டி தரையில் உட்காருகிறவரை விடமாட்டாள், பிடிவாதக்காரி. ஆனால் கிரேனுக்குக் கீழே ஆட்கள் நிற்பார்கள். வெறும் பிடிவாதத்தை நம்பி மேலே ஏற்றிவிட முடியுமா?

நன்றாக யோசித்துத்தான் சொல்கிறாளா என்று அவர் இன்னொரு தரம் கேட்டார். அக்கா சிவப்பை அமுக்கினாள். “தேறவில்லை” என்றது இயந்திரம், ஏற்ற இறக்கம் இல்லாத குரலில்.

அந்தக் குரலைக் கேட்டதும் அக்காவுக்கு என்னவோ போல் ஆகிவிட்டது. எத்தனை ஆசையோடு வந்த பெண்ணோ! இதை மெஷின் வாயால் கேட்க வேண்டாம், நானே பக்குவமாகச் சொல்கிறேன் என்று எழுந்தாள். கண்ணாடிக்காரர் தடுக்கவில்லை. பக்கத்து அறைக் கதவின் கைப்பிடியை லேசாக இரண்டு தரம் இழுத்துப் பார்த்துவிட்டு அக்கா திறந்தாள்.

உள்ளே ஒரு கணினி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. மேஜைமேல் பழைய பதிவு நாடாக்கள் கிடந்தன. நாற்காலிகூட இல்லை.

“எங்க அந்தப் பொண்ணு?”

“பொண்ணு யாரும் இல்லக்கா. நம்ம வாத்தியார் பழகறதுக்கு ஒரு மாணவி வேணுமேன்னு, பழைய பதிவுகளை வச்சு நான் செஞ்சவ அவ.” கண்ணாடிக்காரர் கொஞ்சம் தயங்கினார். “அந்தத் தகர கேபின்ல ஓட்டினவங்க கை அசைவெல்லாம் இந்த நாடாக்கள்ல இருக்கு. அதுலேர்ந்து நான் எடுத்தது உங்க கைதான்க்கா.”

அக்கா கைப்பிடியை விடாமல் அப்படியே நின்றாள்.

“அந்தச் சிவப்பை அழிச்சிடுங்க தம்பி” என்றாள். “கரடி என்னை ஒரு நாள்கூடத் திட்டினதில்ல.”