சுடாத துவக்கு

லண்டன் இல்ஃபோர்ட்டில் துவக்குத் திருத்தும் லதீசனின் மேசையில் அந்தப் பழைய இராணுவத் துவக்கை வைத்துவிட்டு, நிர்மலன் மனதுக்குள் நல்லூர்க் கந்தனை வேண்டிக்கொண்டான். மனைவி கீர்த்திகா அவனையே பார்த்தபடி நின்றாள்.

"என்ன தம்பி கரைச்சல்?"

"விசையை இழுத்தா 'டிக்' எண்டுது, வெடிக்குதில்லை அண்ணை. ஞாயிற்றுக்கிழமை கிளப்பில போட்டி."

"தோட்டாவைக் குத்துற ஊசி முறிஞ்சிருக்கும். பழைய சாமான், இப்ப எடுக்கேலாது."

"ஐயோ, அப்ப போட்டிக்குப் போகேலாதோ?" நிர்மலன் முகத்தைத் தொங்கப்போட்டான்.

லதீசன் கழற்றிப் பார்த்தார். ஊசி முறியவில்லை. அதைச் சுற்றி வெள்ளையாக ஏதோ உறைந்திருந்தது. மோந்து பார்த்தார்.

"தேங்காயெண்ணெய்! லண்டன் குளிருக்கு இறுகி ஊசியைப் பிடிச்சு வைச்சிருக்குது. ஆர் விட்டது?"

நிர்மலன் கூரையைப் பார்த்தான்.

லதீசன் துடைத்து மறுபடி பூட்டினார். "இனி வெடிக்கும். லைசன்சைத் தாரும் தம்பி, பதியவேணும்."

"அவரிட்ட ஏது லைசன்ஸ்?" கீர்த்திகா தன்னுடையதை எடுத்து நீட்டினாள். "சுடுறது நான். ஞாயிறு என்ர அம்மாவும் மூண்டு சித்திமாரும் வருகினம். நான் போட்டிக்குப் போனா இவர்தான் வீட்டில நிண்டு அவைக்குச் சமைச்சுக் குடுக்கவேணும்."

பிறகு கணவன் பக்கம் திரும்பினாள்.

"மிஞ்சின தேங்காயெண்ணெயை நண்டுக்கறிக்கு விடுங்கோ, என்ன."