மீசை எழுத்து

ஃபிளெக்ஸ் பேனர் சட்டத்துக்கு ஆணி அடிக்க வாங்கி வைத்திருந்த சுத்தியல்தான் அப்பாசாமியின் சுண்டுவிரலை உடைத்தது.

காலை பதினொரு மணி. வெளியே புதுப்பட்டினம் கடைத்தெருவில் மீன்காரிகள் விலை கூவிக்கொண்டிருந்தார்கள். அவர் கடை ஷட்டரை மட்டும் உள்ளேயிருந்து இழுத்து விட்டிருந்தார்கள்.

ஒருத்தன் தோளை அமுக்கினான். இன்னொருத்தன் மணிக்கட்டை மேஜையோடு அழுத்திப் பிடித்திருந்தான். சுத்தியல் தீனதயாளன் கையில். கடலோரம் மனை வாங்குகிற, விற்கிற அத்தனை பேரும் பயப்படுகிற ஆள்.

மேஜைமேல் ஒரு தாள். அன்று விடிகாலை அவன் வீட்டுக் கதவில் ஒட்டியிருந்தது.

‘தீனதயாளா, ஞாயிற்றுக்கிழமைக்குள் ஊரை விட்டு ஓடிவிடு. இருந்தால் வெட்டிப் போடுவோம்.’

நல்ல தடித்த எழுத்து. ஒவ்வொரு முனையும் முறுக்கிவிட்ட மீசை மாதிரி சுருண்டு நிற்கும். கல்யாண பேனரா, கட்சி பேனரா, ஜனங்கள் அதைத்தான் கேட்பார்கள். மீசை எழுத்து என்று பேர் வைத்ததும் அவர்கள்தான். அப்பாசாமியும், அவரிடம் வேலை பார்த்த ஜெயப்பிரியாவும் இரண்டு வருஷம் கம்ப்யூட்டரில் மல்லுக்கட்டி வரைந்தது. கல்பாக்கத்திலிருந்து மாமல்லபுரம் வரை வேறு எந்தக் கடையிலும் கிடைக்காது.

“இந்த எழுத்து உங்கிட்ட மட்டுந்தான கீது? எவன் அடிக்கச் சொன்னான், பேரச் சொல்லு.”

அடுத்தது மோதிர விரல். ஐயோ, அந்த வலியை என்னவென்று சொல்ல! கண் இருட்டிக்கொண்டு வந்தது. வெளிச்சம் திரும்பியபோது முகம் தாளின்மேல் கிடந்தது.

மூக்குக்கு நேரே ‘ஞ’.

அப்பாசாமிக்கு ஒரு நொடி வலியே மறந்துபோனது.

அவருடைய மீசை எழுத்தில் ஞ கிடையாது. அந்தச் சனியனுக்கு எத்தனை சுழி! தடிமனாக வரைந்தால் உள்ளே அடைத்துக்கொண்டு கரிக்கட்டையாகிவிடும். சலித்துப்போய் முடிக்காமலே விட்டார்கள். ஞானம் என்று யாராவது பேர் கொண்டுவந்தால் சாதா எழுத்தில்தான் போட்டுக் கொடுப்பார்.

இதில் முடித்திருந்தது. உள்சுழியை இளைக்க வைத்து, மீசையை வெளியே தள்ளி. அடடா, என்ன கை அது!

கம்ப்யூட்டரைத் திறந்து, தன்னிடம் ஞ இல்லை என்று காட்டினால் போதும். மிச்ச விரல்கள் பிழைத்துவிடும்.

அப்புறம் அவன் என்ன கேட்பான் என்பதும் அவருக்குத் தெரியும். கல்யாணமாகிப் போனபோது அந்த எழுத்தைப் பென் டிரைவில் எடுத்துப்போனவள் ஒருத்திதான். போன மாசம் மார்க்கெட்டில் பார்த்தார். உதடு கிழிந்து வீங்கியிருந்தது. கேட்டதற்கு, விழுந்துவிட்டேன் என்று தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டாள்.

“யாரும் சொல்லல. நாந்தான் அடிச்சேன்.”

சுத்தியல் மேலே போனது. வலியில் அந்தப் பெயர் வாய் தவறி வந்துவிடக் கூடாதே என்று அப்பாசாமி பல்லைக் கடித்துக்கொண்டார்.

மூன்று வருஷமாக ஜெயப்பிரியாதான் தீனதயாளனுக்குச் சோறு போடுகிறாள். கட்டிக்கொள்வதற்கு முன்னால் அவள் அந்தக் கடையில் என்ன வேலை பார்த்தாள் என்று அவன் ஒருநாளும் கேட்டதில்லை.