வாசலை அடைத்த மூட்டை

சர்ர்ர்... மரப்பலகைமேல் கனமாக எதையோ இழுக்கிற சத்தம். பிறகு 'தொம்' என்று வாசல் கதவில் ஒரு முட்டு.

விழித்தபோது நான் நடையில் நின்றிருந்தேன். கைக்குழந்தை லூக் என் தோளில் தூங்கிக்கொண்டிருந்தான். சோபாவிலிருந்து எப்போது எழுந்தேன்? பயத்தில் ஓடிவந்திருப்பேன். உள்பக்கத்து மரக்கதவு திறந்திருந்தது. பழைய வீடு, காற்றடித்தால் தானே திறந்துகொள்ளும். பாதம் இரண்டும் விறைத்துப்போயிருந்தன.

வெளிப்பக்கத்துக் கண்ணாடிக் கதவைத் தள்ளினேன். நகரவில்லை. உருளைக்கிழங்கு மூட்டையை அதன்மேல் இறுக்கச் சாத்தியிருந்தான், மளிகை கொண்டுவருகிறவன்.

"சனியனே! வைக்க வேற இடமா கிடைக்கல உனக்கு?"

நான் கத்தியதும், விளக்கை அணைத்துவிட்டு இருட்டில் நின்றிருந்த கார் ஒன்று உறுமிக்கொண்டு கிளம்பிப் போனது.

இதோடு மூன்றாவது வாரம். வேண்டுமென்றே என்னை உள்ளே வைத்து அடைக்கிறான். அடைத்துவிட்டு, உட்கார்ந்து பார்க்கிறான்.

வடக்கே சுரங்கத்தில் வேலை செய்யும் என் கணவன் மார்ட்டினைப் போனில் பிடித்தேன்.

"இதுக்குத்தான், ஜோஸே, அப்பவே சொன்னேன், மொத்த விற்பனைக் கடையோட மெம்பர் கார்டைப் புதுப்பிச்சுக்கலாம்னு. மாசம் ஒரு தடவை போனோமா, டிக்கி நிறைய அள்ளிட்டு வந்தோமான்னு இருக்கலாம். எவனும் வாசலுக்கு வர வேண்டாம்."

"போன வருஷம் நீ அள்ளிட்டு வந்த வேர்க்கடலை வெண்ணெய் லூக் கல்யாணம் வரைக்கும் வரும்."

"வரட்டுமே! அவன் பேரு என்ன?"

"ஸோரன்னு போன்ல காட்டுது."

"பேரைக் கேட்டாலே தெரியல? உடனே புகார் குடு."

கொடுத்தேன். ஒற்றை நட்சத்திரம் போட்டு, 'பயமாக இருக்கிறது, கைக்குழந்தை இருக்கிறது' என்று எழுதினேன். அந்த ஆள் இனி வரமாட்டார் என்று பதில் வந்தது. அடுத்த வாரம் ஒரு பெண் வந்து, பைகளை ஓரமாக அழகாக வைத்துவிட்டுப் போனாள்.

ஆனால் மார்ட்டின் விடவில்லை. "கார்டு புதுப்பிச்சாச்சு. சனிக்கிழமை லூக்கைப் பின் சீட்டுல கட்டிக்கிட்டு நீயே ஓட்டிட்டுப் போ."

"ராத்திரி முழுக்க அவன் தூங்க விடறதில்ல, மார்ட்டின். நின்ன இடத்துல எனக்குக் கண் சொக்குது."

"ஒரு காபி குடிச்சிட்டுப் போ. எல்லா அம்மாவும் இப்படித்தான்."

வெள்ளிக்கிழமை. எங்கள் ஊரில் குளிர்காலத்தில் மத்தியானக் காபி ஆறுவதற்குள் இருட்டிவிடும். லூக்கை மார்பில் போட்டுக்கொண்டு சோபாவில் சாய்ந்தேன்.

சர்ர்ர்... தொம்.

நான் ஒன்றுமே ஆர்டர் செய்திருக்கவில்லை!

மறுபடி நடையில் நிற்கிறேன். தோளில் லூக். மரக்கதவு விரியத் திறந்திருக்கிறது. என் கை கண்ணாடிக் கதவின் கைப்பிடியில் இருக்கிறது. கண்ணாடிக்கு அந்தப்பக்கம், மீசையில் பனி ஒட்டிய ஒரு முகம்.

கன்னியர் மடத்துப் பள்ளியில் படித்தவள் நான். வாயில் முதலில் வந்தது "அருள் நிறைந்த மரியே"தான். அப்புறம்தான் கத்தினேன்.

"போலீஸைக் கூப்பிடுவேன்!"

"கூப்பிடுங்க மேடம். ஆனா, முழிச்சிட்டீங்களா?"

"என்ன?"

"இப்ப முழிச்சிட்டுத்தான் இருக்கீங்களா? நான் ஸோரன்."

"உன்னை யார் இங்க வரச் சொன்னது?"

"யாரும் சொல்லல. புதுசா வர்ற பொண்ணுக்கு விஷயம் தெரியாதேன்னு, வாசல் பனி உருகறதுக்குப் போடற உப்பு மூட்டை ஒண்ணு கொண்டுவந்தேன். உங்க வீட்ல வேற யார் இருக்காங்க?"

"நானும் குழந்தையும்தான். எதுக்குக் கேக்கறே?"

"குழந்தை நடக்குமா?"

"மூணு மாசக் குழந்தை எப்படி நடக்கும்?"

அவர் தன் போனைக் கண்ணாடியில் ஒட்டிப் பிடித்தார். மளிகையை வைத்ததும் எடுக்க வேண்டிய படம். பைகளுக்குப் பின்னால் புதுப் பனி. அதில் கால்தடங்கள். ஐந்து விரலும் தெரிகிற வெறுங்கால் தடங்கள். எங்கள் வாசலில் தொடங்கி, லாரிகள் போகும் சாலை வரைக்கும் போய்த் திரும்பியிருந்தன.

"முதல் தடவை நான் வந்தப்போ நீங்க நடுரோட்டுல நின்னீங்க மேடம், குழந்தையோட. கண்ணு திறந்துதான் இருந்துச்சு. கூப்பிட்டேன், காதுல விழல. நீங்களா திரும்பி வீட்டுக்குள்ள போனீங்க. அடுத்த தடவையும் கதவு திறந்தே கிடந்தது. அதான் மூட்டையை வச்சு அடைச்சேன்."

"அப்புறம் ஏன் இருட்டுல உக்காந்திருந்தீங்க?"

"விளக்கு போட்டா பயந்துடுவீங்கன்னுதான். நீங்க என்னைத் திட்டினதும் கிளம்பிடுவேன். தூக்கத்துல யாரும் அவ்வளவு தெளிவாத் திட்ட மாட்டாங்க."

எனக்குச் சிரிப்பும் வரவில்லை, அழுகையும் வரவில்லை.

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"'தட்ட வேண்டாம், மணி அடிக்க வேண்டாம், வாசலில் வைத்துவிட்டுப் போகவும்'னு நீங்கதானே போட்டிருந்தீங்க? மீறினா வேலை போயிடும்னு பயந்தேன்." போனைச் சட்டைப்பையில் போட்டார். "மத்த நாள்ல நீங்க எது வரைக்கும் போறீங்கன்னு எனக்குத் தெரியாது மேடம்."

குனிந்து என் பாதங்களைப் பார்த்தேன். செக்கச்செவேல் என்றிருந்தன. கவுனின் ஓரம் நனைந்திருந்தது.

"என் பொண்டாட்டிக்கும் குழந்தை பிறந்த புதுசுல இப்படித்தான். டாக்டர்கிட்ட போனா சரியாயிடும். இப்போதைக்கு மரக்கதவு உச்சியில ஒரு தாழ் இருக்கு பாருங்க, அதைப் போடுங்க. சத்தம் கேட்டதும் நான் போயிடறேன்."

லூக்கைத் தொட்டிலில் விட்டுவிட்டு, மரக்கதவைச் சாத்தி, சமையலறையிலிருந்து ஸ்டூலைக் கொண்டுவந்து ஏறினேன். துருப்பிடித்த தாழ். இரண்டு கையாலும் அழுத்தினேன். 'டக்'.

வெளியே கார் கிளம்பும் சத்தம் கேட்டது.

சனிக்கிழமை எங்கும் போவதாக இல்லை. ஸ்டூலைக் கொண்டுபோய்ப் பின்கட்டு அலமாரியில் வைத்துப் பூட்டினேன். கதவு இப்போது உள்ளிருந்து தாழிட்டிருக்கிறது, என்னிடமிருந்து.