கறுப்புத் திரையில் என்ன வேலை?

"இன்னிக்கும் அதே கதைதான். என்னைப் பார்த்ததும் மூடிட்டா. அவ சாப்பிடப் போயிருக்கா, நீங்க உடனே வாங்க."

போனை வைத்த தலைமை மருந்தாளர், மருந்தறைக் கதவைப் பாதி சாத்திவிட்டுக் காத்திருந்தார்.

குழந்தைகள் ஆஸ்பத்திரியில் அவருக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர். வீட்டில் மனைவி தும்மினால்கூட ஏன் என்று விசாரிக்கிற மனிதர். மூன்று மாதத்துக்கு முன் உதவி மருந்தாளராக ஒரு பெண் வந்து சேர்ந்தாள். முதல் நாளே அவருக்குப் பொறி தட்டிவிட்டது.

குழந்தையின் எடைக்கு எவ்வளவு மருந்து என்று கணக்குப் போட்டுப் பதிவேட்டில் எழுதுவது அவர். அதன்படி அளந்து கொடுப்பது அவள். எழுதினதைப் பார்த்து அளக்க வேண்டியதுதானே? இவளோ முதலில் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பி, கறுப்பாக ஒரு திரையைத் திறப்பாள். படபடவென்று ஏதோ தட்டுவாள். அவருடைய செருப்புச் சத்தம் கேட்டால் போதும், திரை மாயமாகிவிடும்.

"ஏம்மா, அது என்ன?"

"ஒண்ணுமில்ல சார்."

ஒன்றுமில்லாததை யாராவது மூடுவார்களா? நோயாளிகளின் விவரத்தை வெளியே யாருக்கோ அனுப்புகிறாள் என்று முடிவே கட்டிவிட்டார். அவளை நிரந்தரமாக்கலாமா என்று கேட்டு வந்த படிவத்தில் 'நம்பத் தகுந்தவர் அல்ல' என்று எழுதியும் வைத்துவிட்டார். கையெழுத்துதான் பாக்கி. கையும் களவுமாகப் பிடித்த பிறகு போடலாம் என்றிருந்தார்.

கம்ப்யூட்டர் பிரிவுக்காரர் வந்து உட்கார்ந்தார்.

"இதுல தட்டினதெல்லாம் தேதியோட பதிவாகியிருக்கும் சார்."

ஒரே ஒரு சொல்லைத் தட்டினார். வரிசை வரிசையாக எண்கள் ஓடின.

"பார்த்தீங்களா! ரகசிய பாஷை!"

"கணக்கு சார். வெறும் பெருக்கல், வகுத்தல். கால்குலேட்டர் மாதிரி இதுலயும் தட்டிக் கேட்கலாம்."

தலைமை மருந்தாளர் பதிவேட்டை இழுத்து வைத்து ஒப்பிட்டார். அத்தனையும் அவர் போட்ட கணக்குகள்!

"ஓஹோ, என்னையே சரிபார்க்கிறாளா? இருபத்தெட்டு வருஷ சர்வீஸ் எனக்கு!"

"இங்க பாருங்க சார். போன செவ்வாய்க்கிழமை ஒரே கணக்கை ஏழு தடவை போட்டிருக்காங்க. மூணு பெருக்கல் ரெண்டு, வகுத்தல் பத்து."

முதல் வரியைத் திரும்பக் கொண்டுவந்து எண்டரைத் தட்டினார். பூஜ்யம் என்று வந்தது.

"தசமம் வேணும்னு முன்கூட்டியே சொல்லலேன்னா, புள்ளிக்கு அப்புறம் வர்றதை இது வெட்டிடும். அடுத்த ஆறு தடவையும் சொல்லித்தான் கேட்டிருக்காங்க." மறுபடி தட்டினார். புள்ளி ஆறு.

அவருடைய விரல் பதிவேட்டில் செவ்வாய்க்கிழமையைத் தேடிப் பிடித்தது. மூன்று கிலோ குழந்தை. கிலோவுக்கு இரண்டு மில்லிகிராம், ஆக ஆறு மில்லிகிராம். அந்த மருந்தில் ஒரு மில்லிக்குப் பத்து மில்லிகிராம் இருக்கும். பத்தால் வகுக்க வேண்டும்.

அவர் வகுக்கவில்லை. 'ஆறு மில்லி' என்று எழுதியிருந்தார். பத்து மடங்கு!

அவர் விரல் கீழே இறங்கியது.

அடுத்த வரியில் அவள் எழுத்து. 'அளந்த மருந்து கை தவறிக் கொட்டிவிட்டது. மறுபடி அளந்தது 0.6 மில்லி. தவறு என்னுடையது.'

கொட்டிவிட்டது என்பதோடு படிப்பதை நிறுத்திக்கொண்டு, அன்று நர்சுகள் முன்னால் அவளை வறுத்தெடுத்திருந்தார். அவள் தலையைக் குனிந்தபடி "சாரி சார்" என்று மட்டும் சொன்னாள்.

அவர் படிவத்தைக் கிழித்துப் போட்டார். பேனாவை எடுத்து, பதிவேட்டில் 'தவறு என்னுடையது' என்று இருந்த இடத்துக்கு நேராகத் தன் கையெழுத்தைப் போட்டார்.

கம்ப்யூட்டர்காரருக்கு ஒன்றும் புரியவில்லை.

"விடை சரியாத்தானே வந்திருக்கு, அப்புறம் எதுக்கு சார் ஏழு தடவை? அவங்களுக்குக் கணக்கு சரியா வராதோ?"

"நல்லாவே வரும்." அவர் பேனாவை மூடினார். "நான் தப்புப் பண்ணியிருப்பேன்னு நம்பத்தான் அவளுக்கு மனசு வரல."